ஆள் உள்ளே, திட்டம் வெளியே

ஆண்ட்ராய்டு போனில் 'கொடி' என்று அடித்துப் பாருங்கள். நினைவகத்தில் முதலில் ககரம் பதிவாகிறது, அதற்குப் பிறகுதான் ஒகரக் குறி. ஆனால் திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது, கால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முன்னால் நகர்த்தி, எழுத்துருவில் அதற்குரிய வடிவத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. தமிழ், மலையாளம், அரபி, தேவநாகரி எதுவானாலும் எழுத்து கோணாமல் நிற்பதற்கு அது காரணம்.

இன்றைய ஹார்ஃப்பஸை எழுதியவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத், ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறியவர். 'ஹர்ஃப்' என்றால் பாரசீகத்தில் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த. ஓப்பன் டைப் என்ற எழுத்துரு முறையின் பெயரைத் தன் மொழிக்குக் கொண்டுபோய் வைத்த பெயர் அது. அவர் லினக்ஸ் இயங்குதளத்தை விற்கும் ரெட் ஹேட்டில் வேலை பார்த்தார், 2010ல் கூகுளுக்குப் போனார், 2019ல் ஃபேஸ்புக்குக்குப் போனார், அடுத்த ஆண்டே அங்கிருந்தும் விலகினார். ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் மாறியது. ஹார்ஃப்பஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ரெட் ஹேட் அதைப் பூட்டி வைக்கவில்லை, கூகுள் அதற்குத் தன் பெயரை ஒட்டவில்லை, ஃபேஸ்புக்கை விட்டு அவர் வெளியே வந்தபோது அது நின்றுபோகவுமில்லை.

லினக்ஸ் பயனர் குழுக் கூட்டங்களில் மாணவர்களிடமிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும். பெரிய கம்பெனிக்குள் இருந்துகொண்டு கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள் செய்வது நல்லதா, தனியாகச் செய்வது நல்லதா? காசா சுதந்திரமா என்று கேட்பதாகத்தான் பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. வேலை செய்யும் ஆளின் நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது ஒன்று. திட்டத்தின் பெயர், பதிப்புரிமை, நிரலைச் சேர்க்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நேரத்துக்குக் காசு கம்பெனியிடமிருந்து வரலாம், வருவது நல்லதும்கூட. திட்டம் மட்டும் எந்த ஒரு கம்பெனியின் கைக்குள்ளும் போய்விடக் கூடாது. இருபது முப்பது ஆண்டுகளில் எது பிழைத்தது, எது அழிந்தது என்று பார்த்தால் இதற்கான சான்றுகள் நிறைய இருக்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்துக்கான நிரலை எழுதத் தொடங்குவதற்காக 1984 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வேலையை விட்டார். அந்த இடம் பிடிக்காமல் போனதால் அவர் விலகவில்லை. வேலையில் இருந்துகொண்டே எழுதினால் அந்த நிரல் தனக்குச் சொந்தம் என்று எம்.ஐ.டி. உரிமை கோர முடியும், எல்லாருக்கும் அதைக் கொடுப்பதைத் தடுக்கவும் முடியும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று சம்பளத்தைத் துறந்தார். நம் நாட்டிலும் நிலைமை அதுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் 2870 என்றொரு பிரிவு உண்டு. சொந்த நேரத்தில், கம்பெனிக் கருவிகளைத் தொடாமல், கம்பெனியின் தொழிலோடு சம்பந்தமில்லாமல் ஒருவர் கண்டுபிடித்ததைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று அது சொல்கிறது. இங்கே ஆஃபர் லெட்டரோடு வரும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மிகவும் முக்கியம். பல ஒப்பந்தங்களில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று ஒரே வரியில் வாரிக்கொண்டு போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதியதும் அந்த 'அனைத்தும்' என்ற சொல்லுக்குள் வருமா என்ற சண்டையில் போய் நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது.

சரி, கம்பெனிகள் ஏன் தங்கள் நிரலைத் திறந்து விடுகின்றன? நல்ல மனசு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு மேல் கணக்கும் இருக்கிறது. பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னட்டிஸைக் கூகுள் 2014ல் வெளியிட்டபோது, இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்கு விடும் மேகக் கணினிச் சந்தையில் அமேசான் வெகுதூரம் முன்னால் போயிருந்தது. எந்த மேகத்திலும் ஒரே மாதிரி ஓடும் ஒரு முறை பரவினால் பின்தங்கியவருக்கு லாபம். வன்பொருள் விற்கிறவருக்குத் தன் சிப்பில் லினக்ஸ் நன்றாக ஓட வேண்டும், அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்கு ஆட்களை வைத்து எழுதுகிறார். தரவுத்தளத்தை வாடகைக்கு விடுகிறவருக்குத் தரவுத்தளமே இலவசமாகவும் நன்றாகவும் இருந்தால் நல்லது. இதில் தப்பு எதுவும் இல்லை. ஊர்க் கிணற்றைத் தூர்வார மில் முதலாளி காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கிணறு ஊர்ப் பொதுவில் இருக்கிறவரை.

கம்பெனிக்குள் கிடைப்பதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுவதற்கும், காலை பத்து மணிக்குத் தெளிந்த தலையோடு எட்டு மணி நேரம் ஒரே சிக்கலில் உட்காருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சோதித்துப் பார்க்க நூறு வகைக் கருவிகள் இருக்கும். பக்கத்து மேஜையில் எழுத்துரு தெரிந்தவர் ஒருவர், நினைவக மேலாண்மை தெரிந்தவர் ஒருவர் இருப்பார்கள். பாதுகாப்புக் குறை தேடுவதற்கென்றே தனிக் குழு இருக்கும். ஹார்ஃப்பஸ் இவ்வளவு ஆழமாக வளர்ந்ததற்கு எஸ்ஃபாபோத் தன் கம்பெனிகளில் முழு நாளையும் எழுத்துக்களின் மேல் செலவிட முடிந்தது பெரிய காரணம்.

ஆனால் கம்பெனியின் கவனம் நகர்ந்துகொண்டே இருக்கும். தமிழ்ப் புத்தகங்களை வருடி எழுத்தாக்குகிறவர்களுக்கு டெசராக்ட் தெரிந்திருக்கும். அது 1985ல் எச்.பி. நிறுவனத்துக்குள் பிறந்தது. 1995ல் நெவாடா பல்கலைக்கழகம் நடத்திய ஒப்பீட்டில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. அந்த நேரத்தில் எச்.பி.க்கு அதில் ஆர்வம் போய்விட்டிருந்தது. அடுத்த பத்து ஆண்டுகள் அந்த நிரல் அலமாரியில் கிடந்தது. 2005ல் எச்.பி. அதைத் திறந்து விட்டது, 2006லிருந்து கூகுள் காசு போட்டது. எச்.பி.யில் அதை எழுதிய ரே ஸ்மித்தே கூகுளில் அதைத் தொடர்ந்தார். 2018ல் நான்காம் பதிப்பு வந்த காலத்தில் கூகுளின் கவனமும் விலகியது, அதற்குள் தன்னார்வலர்கள் கையில் எடுத்திருந்தார்கள். இன்றும் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை அதில் போட்டு எழுத்தாக எடுக்க முடிகிறது. எச்.பி. கைவிட்டதற்கும் கூகுள் கைவிட்டதற்கும் நடுவில் என்ன மாறியது? முதல் முறை நிரல் உள்ளே இருந்தது, அதனால் பத்து ஆண்டுகள் வீணாயின. இரண்டாம் முறை வெளியே இருந்தது, அதனால் ஒரு நாளும் நிற்கவில்லை.

கம்பெனி கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனியின் கதையை விடப் பெரிய பாடம் இல்லை. ஜாவா என்ற நிரல்மொழி, ஓப்பன் ஆஃபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பு, ஓப்பன் சோலாரிஸ் என்ற இயங்குதளம் எல்லாம் சன்னின் வீட்டுப் பிள்ளைகள். 2008ல் 100 கோடி டாலருக்கு மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தையும் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2010 ஜனவரியில் சன்னையே ஆரக்கிள் என்ற தரவுத்தளக் கம்பெனி வாங்கிவிட்டது. அந்த ஆண்டிலேயே ஓப்பன் சோலாரிஸ் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் ஓப்பன் ஆஃபிஸ் ஆட்கள் பெரும் பகுதியினர் பிரிந்து லிப்ரே ஆஃபிஸைத் தொடங்கினார்கள். மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மான்டி விடேனியஸ் முன்கூட்டியே பிரிந்துபோய் மரியா டிபி என்று தனி வழி கண்டிருந்தார். மை, மரியா இரண்டுமே அவர் மகள்களின் பெயர்கள்.

இவற்றில் ஹட்சன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரலை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தானாகவே சோதித்துத் தொகுக்கும் கருவி அது. சன்னில் வேலை பார்த்த கோசுகே கவகுச்சி 2004ல் தன் சொந்த ஆர்வத்தில் தொடங்கினார். உரிமம் எம்.ஐ.டி. உரிமம், அதாவது யாரும் எதுவும் செய்துகொள்ளலாம். அவர் 2010ல் ஆரக்கிளை விட்டு விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் நிரலை எங்கே வைப்பது என்பதில் பயனர்களுக்கும் ஆரக்கிளுக்கும் தகராறு வந்தது. அப்போது ஆரக்கிள், ஹட்சன் என்ற பெயர் தனக்குச் சொந்தம் என்றது. நிரல் எல்லாருடையது, பெயர் மட்டும் கம்பெனியுடையது. 2011 தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடத்தி எல்லாரும் சேர்ந்து ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயருக்குப் போனார்கள். பெயரோடு நின்ற ஹட்சன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஜென்கின்ஸ் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. உரிமத்தை மட்டும் படித்துவிட்டு 'இது கட்டற்றதுதான்' என்று நிம்மதி அடைகிறவர்கள் வணிகச் சின்னம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உரிமத்துக்குள்ளேயேகூட கண்ணி இருக்கலாம். ஃபேஸ்புக் 2013ல் இணையப் பக்கங்களை அமைக்க உதவும் ரியாக்டை வெளியிட்டது. பிறகு அதன் உரிமத்தோடு காப்புரிமை பற்றிய ஒரு தனி நிபந்தனை இணைந்திருந்தது. ஃபேஸ்புக் மேல் காப்புரிமை வழக்குப் போட்டால், அதன் காப்புரிமைகளைப் பயன்படுத்த ரியாக்ட் மூலம் கிடைத்த அனுமதி போய்விடும். 2017 ஜூலையில், பல கட்டற்ற திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த உரிமத்துக்கு இடமில்லை என்றது. செப்டம்பரில், வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் ரியாக்டை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் ஃபேஸ்புக் இறங்கி வந்து எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றியது. வெளியிலிருந்து வந்த அழுத்தம் இங்கே வேலை செய்தது. எப்போதும் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆண்ட்ராய்டு இன்னொரு வகை. நிரல் திறந்தது, செய்முறை மூடியது. 2011ல் டேப்லட்டுகளுக்காக வந்த ஹனிகோம்ப் பதிப்பின் நிரலைக் கூகுள் அப்போது வெளியிடவில்லை, அடுத்த பதிப்போடு சேர்த்துத்தான் நவம்பரில் தந்தது. 2025 மார்ச்சில், இனி ஆண்ட்ராய்டு முழுவதும் உள்ளேயே எழுதப்படும், பதிப்பு தயாரானதும் நிரல் வெளியே வரும் என்று சொல்லிவிட்டது. உரிமத்தின்படி இதில் குற்றம் இல்லை. ஆனால் சமைத்து முடித்த பிறகு சமையல் குறிப்பைக் கையில் கொடுப்பது ஒன்று, அடுக்களைக்குள் சேர்ந்து நிற்பது வேறு. வெளியில் இருக்கும் ஒரு மாணவி அதைப் படித்துக் கற்கலாம். அடுத்த பதிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று பேச அவளுக்கு இடமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் தனியாகச் செய்வதே மேல்' என்று முடிவுக்கு வந்தால் அதுவும் சரியாகாது. தனியாகச் செய்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

2014 ஏப்ரல் 7ஆம் தேதி ஹார்ட்பிளீட் என்ற குறை வெளியே வந்தது. வங்கி, மின்னஞ்சல், கடை என்று இணையத்தில் பூட்டுக் குறி போட்டு வரும் தளங்களில் ஏராளமானவை ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரலை நம்பியிருந்தன. அதில் ஒரு நீளச் சோதனை விட்டுப்போயிருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியை அனுப்பி, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ளலாம். கடவுச்சொல், ரகசியச் சாவி எல்லாம் அதில் வரலாம். அந்தத் தவறு 2011 டிசம்பர் 31ஆம் தேதி இரவு நிரலுக்குள் சேர்ந்திருந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. தேடிப்பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகமே சாய்ந்திருந்த அந்தத் தூணை முழு நேரமாகப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். அதை வைத்துப் பல கோடி சம்பாதித்த கம்பெனிகளில் யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை ஒரு பொது நிதி தொடங்கியது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், ஐபிஎம் உட்பட ஒரு டஜன் கம்பெனிகள் ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர், மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாக முன்வந்தன. வீடு எரிந்த பிறகுதான் கிணற்றுக்குக் காசு வந்தது.

எக்ஸ்இஸட் விவகாரம் இன்னும் மனதை வாட்டுவது. கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி அது, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் பல ஆண்டுகளாக, பெரும்பாலும் தனி ஆளாக, சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். 2022ல் யார் என்று தெரியாத சிலர் மின்னஞ்சல் குழுவில் அவரை நெருக்க ஆரம்பித்தார்கள். ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று. தனக்கு நீண்ட காலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது காசில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் நினைவில் வைக்கும்படி அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, தன்மையாக, நல்ல பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்ல அவரே இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில், சோதனைக் கோப்பு என்ற போர்வையில் ஒரு பின்வாசலை ஒளித்து வைத்தார். அதன் வழியாக சர்வருக்குள்ளேயே நுழைய முடியும்.

அந்த ஆண்டு மார்ச் 29 அன்று அது அம்பலமானது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தவர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தை விட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் நூல் பிடித்துப் போய் அடியைத் தொட்டார். லினக்ஸ் வகைகளான டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் வரவிருந்த பதிப்பு என்று அது ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வாரம் தப்பியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்த நிகழ்வில் இருக்கும் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஒருவர் களைத்துப்போய், உதவிக்கு ஆளில்லாமல், கை நீட்டிய முதல் ஆளை நம்பியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொருவர் மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்குகிறவர். அந்த அரை வினாடியைத் துரத்திக்கொண்டு போக அவருக்குத் திறமை மட்டுமல்ல, நேரமும் இருந்தது. அவர் செய்துகொண்டிருந்த வேலை மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொருள்கூட இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது.

போஸ்ட்கிரெஸ் பக்கம் வந்துவிட்டதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து, 1996லிருந்து உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் ஆட்களால் வளர்க்கப்படுகிறது. அதை எழுதுகிறவர்களில் முக்கியமானவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். மேலே மையக் குழு என்று ஒரு சிறு குழு உண்டு. அதில் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதப்படாத விதி ஒன்று நெடுங்காலமாக இருந்தது. 2020 செப்டம்பர் கடைசியில் ஈடிபி என்ற கம்பெனி, செகண்ட் குவாட்ரன்ட் என்ற இன்னொரு கம்பெனியை வாங்கியது. யாரும் வேலை மாறவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் ஒரே நாளில் மையக் குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கம்பெனியின் ஆட்கள் ஆகிவிட்டார்கள். அந்த விதியைப் பற்றி அவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். நவம்பரில் வேறு இடங்களிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்தார்கள். ஏழில் மூன்று, கணக்கு நேரானது. புதிதாகச் சேர்ந்த இருவரில் ஒருவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்.

எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எந்தக் கம்பெனியும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அப்படியிருந்தும், நாளைக்கு ஒரு முதலாளி மாறினால் என்ன ஆகும் என்று யோசித்து, சண்டை வருவதற்கு முன்பே வேலி போட்டார்கள். சன்னில் இந்த வேலி இல்லை.

லினக்ஸ் கருவும் இதே வழியில் வந்ததுதான். 1991ல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் தொடங்கியது. இன்று அதில் வரும் மாற்றங்களில் பெரும் பங்கு சம்பளம் வாங்கும் ஊழியர்களிடமிருந்து வருகிறது, இன்டெல், கூகுள், ரெட் ஹேட் என்று ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகளிலிருந்து. லினஸ் டோர்வால்ட்ஸ் 1997லிருந்து 2003 வரை டிரான்ஸ்மெட்டா என்ற சிப் கம்பெனியில் வேலை பார்த்தார், லினக்ஸ் விற்கும் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. பிறகு பல கம்பெனிகள் சேர்ந்து நடத்திய பொது அமைப்புக்கு வந்தார், 2007ல் அது லினக்ஸ் அறக்கட்டளை ஆனது. இன்னொரு முக்கியமான விஷயம், லினக்ஸுக்கு நிரல் கொடுக்கிறவர் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அது ஆயிரக்கணக்கானவர்கள் கையில் சிதறிக்கிடக்கிறது. அதனால் எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் உரிமத்தை மாற்றிவிட முடியாது.

மாறாக, ஹாஷிகார்ப் என்ற கம்பெனி, மேகக் கணினிகளை அமைக்கும் தன் டெராஃபார்ம் கருவிக்கு நிரல் கொடுத்த எல்லாரிடமும், உரிமத்தை மாற்ற இடம் தரும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில், போட்டியாளர்கள் பயன்படுத்த முடியாதபடி உரிமத்தை மாற்றியது. வெளியாட்கள் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன் டோஃபு என்று கிளை பிரிக்க வேண்டி வந்தது. தேடல் கருவியான எலாஸ்டிக், தரவுத்தளமான ரெடிஸ் ஆகிய திட்டங்களிலும் உரிமம் மாறி, கிளைகள் பிரிந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும் திட்டங்களில் எல்லாம் சூது இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கேட்பது அறக்கட்டளையா, தனிக் கம்பெனியா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தனி ஆளாகத் தொடங்கி, ஆனாலும் உடையாமல் வந்தவர் கர்ல் எழுதிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க். இணையத்திலிருந்து ஒரு கோப்பை எடுக்கும் கருவி அது. கார், தொலைக்காட்சி, போன் என்று எங்கும் இருக்கிறது. 1998ல் அந்தப் பெயரில் வெளியிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேறு வேலைகள் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் மாலையில் இதை வளர்த்தார். 2019ல்தான் உல்ஃப் எஸ்எஸ்எல் என்ற சிறு கம்பெனியில் சேர்ந்து, அதையே முழு நேர வேலையாக்கிக்கொண்டார். 2022 ஜனவரியில், அமெரிக்காவின் முன்னணிக் கம்பெனி ஒன்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. வேறொரு மென்பொருளில் வந்த குறையால் நீங்கள் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று ஒரு கேள்விப் பட்டியல். தன்னிடமிருந்து ஒரு காசும் வாங்காதவரிடம், சப்ளையரிடம் கேட்பதைப் போல. பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் நிரலுக்கும் இலவசமாகக் கிடைக்காத நேரத்துக்கும் நடுவில் அவர் கோடு போட்டுக் காட்டினார்.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பெங்களூரு ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கட்டற்ற திட்டங்களுக்குக் கொடுக்கும் நிதி ஒன்றை அறிவித்தது. பயன்படுத்துகிற கம்பெனியே காசு கொடுக்கிறது, திட்டத்தைக் கேட்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் கம்பெனிகளில் இன்னும் நாலு பேர் இப்படிக் கிளம்பினால் எவ்வளவோ நடக்கும்.

என் அனுபவம் ஒன்று உண்டு. சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஒரு கட்டற்ற நிரலில் பக் ஒன்றைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டு வரியில் சரி செய்தேன். அதை மூலத் திட்டத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். மேனேஜர் சட்டப் பிரிவைக் கேட்கச் சொன்னார், சட்டப் பிரிவு படிவம் கேட்டது, படிவம் எங்கேயோ போய்த் தங்கியது. அதுவரை அந்தப் பேட்ச் எங்கள் பிரதியில் மட்டும் இருந்தது. மூலத்தில் புதுப் பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் நானே உட்கார்ந்து அதை மறுபடியும் ஒட்டினேன். பொருந்தாது, திருத்துவேன், சோதிப்பேன், ஒரு நாள் போகும். ஒருமுறை மறந்துவிட்டேன், வாடிக்கையாளரிடம் அந்தப் பழைய பக் திரும்ப வந்தது. திருப்பிக் கொடுப்பதைப் பலரும் தர்மமாகப் பார்க்கிறார்கள். கம்பெனிக்கு அது செலவைக் குறைக்கும் வழி. கொடுத்துவிட்டால் பராமரிக்கும் பாரம் ஊர்த் தோளுக்குப் போய்விடும்.

லினக்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. 2003ல் எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி, தன் நிரல் லினக்ஸுக்குள் திருட்டுத்தனமாக வந்திருக்கிறது என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. அதன் பிறகு 2004லிருந்து, பேட்ச் அனுப்பும் ஒவ்வொருவரும் இதைக் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று அடியில் தன் பெயரைப் போட்டு ஒரு வரி எழுத வேண்டும். படிவம் இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கம்பெனியின் சம்மதம் உண்மையிலேயே இருந்தாக வேண்டும்.

அதனால், அடுத்த வேலைக்குப் போனபோது சேருவதற்கு முன்பே கேட்டேன். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். நான் ஏற்கெனவே பங்களிக்கும் மூன்று திட்டங்களின் பெயரைக் கொடுத்து, சொந்த மடிக்கணினியில், அலுவலக நேரத்துக்கு வெளியே, கம்பெனித் தொழிலோடு சம்பந்தமில்லாமல் எழுதுவது என்னுடையது என்றும், வேலைக்காகப் பயன்படுத்தும் கட்டற்ற நிரல்களில் செய்யும் திருத்தங்களை மேனேஜர் சம்மதத்தோடு மூலத்துக்கு அனுப்பலாம் என்றும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். சண்டை வரும், ஆஃபரே போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இணைப்பு என்று தலைப்புப் போட்டு, மூன்று திட்டங்களின் பெயரும் இரண்டு வரியும் சேர்த்திருந்தார்கள். சேர்ந்த இரண்டாவது மாதம் முதல் பேட்ச் மூலத்துக்குப் போனது.